இருவழிக் கடன்

முதுமையுற்ற பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடன் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயின், பிழைப்பு நாடிப் பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட வீடுகளில் இக்கடன் இருவழியாக இயங்குகின்றது. அதனை ஈண்டுக் காண்போம்.

கல்வராயன் மலைவாழ் மலையாளிப் பழங்குடியினர் பெரிதும் மானாவாரி வேளாண்மையை நம்பியவர்கள். மலையில் வேலை அருகுங்கால் இளையோர் கேரளத்திற்கும் கருநாடகத் தோட்டங்களுக்கும் கோவை, திருப்பூருக்கும் செல்கின்றனர். அடிவாரத்துக் கள்ளக்குறிச்சிப் பகுதியிலிருந்து சென்னைக்கும் அயல்நாடுகளுக்கும் செல்வோரும் உளர். அவர்கள் அனுப்பும் பணம் முதியோர்க்கு உணவாகவும் மருந்தாகவும் ஆகின்றது. அம்முதியோரோ பேரக்குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர், ஆடுமாடுகளைப் பேணுகின்றனர், நிலம் தரிசாகாமல் காக்கின்றனர். பாட்டி நோயுற்றுப் படுத்துவிடின், குழந்தை பெற்றோருடன் வேலைத்தலத்திற்குச் செல்ல நேரிடும். அதன் படிப்பும் நின்றுபோகும்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. பெருந்திரளான மக்களை அயல்நாட்டுப் பணிக்கு அனுப்பும் பிலிப்பைன்சு நாட்டிலும், தாய் தொலைவில் உழைக்கப் பாட்டியர் பேரக்குழந்தைகளை வளர்த்து வருகின்றனர். முதியோரைப் பேணுதல் குடும்பத்தின் கடமை என அந்நாட்டு 1987-ஆம் ஆண்டு அரசியலமைப்பே கூறுகின்றது.

நம் நாட்டில் 2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் இயற்றப்பெற்றது. கைவிடப்பட்ட பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். பிள்ளை வாழும் ஊரைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. தாம் வாழும் மாவட்டத்திலேயே அளிக்கலாம். மகனேயன்றி மகளும், வயதுவந்த பேரப்பிள்ளைகளும் இச்சட்டத்திற்கு உட்பட்டவர். அயல்நாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் இதற்கு விலக்கல்லர். பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் என உச்சவரம்பு வகுக்கப்பட்டது. பேணுவர் என்னும் நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பேணாதவிடத்து மீட்கவும் வழியுண்டு.

சட்டம் உணவுக்கும் உடைக்கும் உறையுளுக்கும் மருத்துவத்திற்கும் வழிசெய்யும். ஆயினும், முதியோர் திரும்ப அளிக்கும் உழைப்பை அது கணக்கிடுவதில்லை. அக்கணக்கைக் குடும்பமே வைத்தல் வேண்டும். அனுப்பும் தொகையைக் கொடையெனக் கருதாது, பேரனை வளர்த்தமைக்கும் நிலத்தைக் காத்தமைக்கும் உரிய பங்கெனப் பிள்ளைகள் கருதுவாராயின், கேட்டுப் பெறும் கூச்சம் முதியோர்க்கு நீங்கும். தாத்தா பாட்டியின் வளர்ப்பில் கல்லூரிவரை வந்த மாணவர் நம்மிடையே உளர். விடுமுறையில் ஊர் செல்லும்போது இச்சட்டத்தின் செய்தியை முதியோர்க்கு எடுத்துரைத்தல் அவர்தம் முதற்பணியாகும்.