ராஜாக்களை மடக்கிய பஞ்சாப் கிராமத்துக்காரர்!

1929-ம் ஆண்டு. லண்டன் மாநகரம்.

இந்தியாவில் இருந்து ஓர் இளைஞர் அங்கே வந்து இறங்கினார். தலையிலே தலைப்பாகை. ஆங்கிலம் அதிகம் பேச வராது. அந்த ஊர்க் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. அடிக்கடி சளி, அடிக்கடி காய்ச்சல். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆட வந்த நாட்களும் உண்டு.

அவர் பெயர் மீர் சுல்தான் கான். ஆட வந்த ஆட்டம் செஸ். அதாவது, நம் சதுரங்கம்!

சில மாதங்கள்தான் சென்றன. அவர் பிரிட்டிஷ் சாம்பியன் ஆகிவிட்டார்! அந்நாட்டு ஆட்டக்காரர்கள் மலைத்துப் போனார்கள்.

இந்த அதிசயம் எப்படி நடந்தது?

அப்பா கற்றுக்கொடுத்த ஆட்டம்

பஞ்சாபில் மிட்டா திவானா என்று ஓர் ஊர். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே பிறந்தவர் சுல்தான் கான். 9 வயதில் அப்பாவிடம் சதுரங்கம் கற்றார். பிறகு, சர் உமர் ஹயாத் கான் என்ற பெரிய நிலச்சுவான்தாரின் ஆதரவு கிடைத்தது. 1928-ல் அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் வென்றார். மறு ஆண்டு, உமர் ஹயாத் கான் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கேதான் சோதனை காத்திருந்தது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் ஆடிய முறை வேறு. ஐரோப்பாவில் ஆடிய முறை வேறு. நம் முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டம்தான் போகும். அங்கே இரண்டு கட்டம் பாயலாம். ராஜாவுக்குக் கோட்டை கட்டும் விதமும் வேறு. சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்தால், அங்கே ராணியாகக்கூட மாறலாம். நம் முறையில் அந்தக் கட்டத்துக்கு உரிய காயாகத்தான் மாறும்.

சிறு வயது முதல் பழகிய வழியை மறந்து, புது வழியில் ஆட வேண்டும். அதுவும் யாரோடு? புத்தகம் புத்தகமாகப் படித்துத் தேர்ந்த ஆட்டக்காரர்களோடு!

பயிற்சிக்காக ஒரு சிறு போட்டி வைத்தார்கள். அதில் சுல்தான் கான் கடைசி இடத்துக்குப் போய்விட்டார்.

ஆனால் அவர் மனம் தளரவில்லை. வின்டர், யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கில ஆட்டக்காரர்கள் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் கோடையிலேயே ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி நடந்தது. கடைசி இடத்தில் இருந்தவர் முதல் இடத்துக்கு வந்துவிட்டார்! 1932, 1933-ம் ஆண்டுகளிலும் அந்தப் பட்டத்தை அவரே வென்றார்.

மாவீரர் தோற்றார்

கியூபா நாட்டைச் சேர்ந்தவர் காபபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர். ஒரு சமயம் 8 ஆண்டுகள் போட்டிகளில் யாரிடமும் தோற்காதவர்.

1930 டிசம்பர் இறுதியில் ஹேஸ்டிங்ஸ் நகரில் ஒரு போட்டி தொடங்கியது. அதில் சுல்தான் கானுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார் காபபிளாங்கா. இருவருக்கும் நடுவே 64 கட்டங்கள். நீண்ட நேரம் நடந்தது ஆட்டம். முடிவில் தோற்றவர் காபபிளாங்கா!

செஸ் ஒலிம்பியாட் போட்டிகளில் இங்கிலாந்து அணிக்கு முதல் பலகையில் ஆடியவரும் சுல்தான் கான்தான். அப்போது நம் நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஆண்டவர்களின் அணிக்கே தலைமை ஆட்டக்காரர் ஓர் இந்தியர்! 1931-ல் பிராக் நகரில் 17 ஆட்டங்கள் ஆடினார். 8-ல் வெற்றி; 7 சமம்; இரண்டில் மட்டுமே தோல்வி.

உமர் ஹயாத் கானின் வீட்டில் இருந்து இன்னொருவரும் வந்திருந்தார். பாத்திமா என்ற பெண். 1933-ல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் பட்டத்தை அவர் தட்டிச் சென்றார்!

மறந்துபோன பெயர்

1933 இறுதியில் சுல்தான் கான் ஊர் திரும்பினார். பெரிய போட்டிகள் பக்கம் பிறகு அவர் போகவே இல்லை.

1950-ல் உலக செஸ் சம்மேளனம் முதன்முதலாக 27 பேருக்கு "கிராண்ட் மாஸ்டர்" பட்டம் கொடுத்தது. ரூபின்ஸ்டைன், தார்தகோவர் ஆகியோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். இருவருமே சுல்தான் கானிடம் தோற்றவர்கள். வென்றவரின் பெயரோ அதில் இல்லை!

1966-ல் சுல்தான் கான் காலமானார்.

நகர்த்தல் அழியாது

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் செஸ் ஆட்டத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. போட்டிகளில் ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதி வைக்கிறார்கள். ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்தை இன்றும் நம் வீட்டுப் பலகையில், காய் காயாக, நாமே ஆடிப் பார்க்கலாம். பெயரை மறந்தார்கள், நகர்த்தல்களை மறைக்க முடியவில்லை. அவை சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தன.

2024 பிப்ரவரியில் உலக செஸ் சம்மேளனம் சுல்தான் கானுக்குக் கவுரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் அளித்தது. அவர் மறைந்து சுமார் 58 ஆண்டுகளுக்குப் பிறகு!

அதே ஆண்டு இறுதியில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டி நடந்தது. சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ், சீனாவின் டிங் லிரெனை வென்று பட்டத்தைப் பெற்றார். சுல்தான் கான் ஆடியதும் குகேஷ் ஆடியதும் அதே 64 கட்டங்களில்தான்.

சதுரங்கம் இந்தியாவில் பிறந்து சுமார் 1,500 ஆண்டுகள் ஆகின்றன. எத்தனையோ ராஜ்யங்கள் போய்விட்டன. இந்தப் பலகை மட்டும் போகவில்லை. ஏன்? "நீ யார்? எந்த ஊர்? என்ன மொழி?" என்று அது கேட்பதில்லை. "அடுத்து என்ன நகர்த்தப் போகிறாய்?" என்று மட்டுமே கேட்கிறது.

அட்டைப் பலகையானாலும் போதும்; விரித்து வையுங்கள். பிள்ளையை எதிரே உட்கார வையுங்கள். அவன், அல்லது அவள், உங்கள் ராஜாவை மடக்கினால் வருத்தப்படாதீர்கள். சுல்தான் கானும் தம் அப்பாவிடம்தான் தொடங்கினார்!