ஒரே புல்வெளியில் மேயும் இரு உயிர்கள்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றைச் சூழ்ந்துள்ள ஆழங்குறைந்த கடலின் அடியில் பரந்த புல்வெளிகள் உள்ளன. கரையொதுங்கும் அப்புல்லைச் சாதாளை என அழைத்துத் தோட்டங்களுக்குப் பசளையாக இட்டவர்கள் எம்மவர்கள். பாக்கு நீரிணையில் இப்புல்லை நம்பி வாழும் பெரிய உயிரினங்கள் இரண்டு. ஒன்று, ஆவுளியா எனப்படும் கடற்பசு, மற்றையது பேராமை.

உணவு ஒன்றாயினும் இவற்றின் இனம் வேறு. கடற்பசு யானைக்குத் தூரத்து உறவான ஒரு முலையூட்டி. அது கடலிலேயே குட்டி ஈன்று, பாலூட்டி வளர்க்கிறது, ஒருபோதும் கரையேறுவதில்லை. பேராமையோ ஊர்வன இனத்தைச் சேர்ந்தது. பெண் ஆமை கரையேறி, மணலைத் தோண்டி, ஒரு தடவையில் ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பிறப்பது ஆணா, பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது.

இரண்டுக்கும் பொதுவானது நுரையீரல். மூச்சுவிட மேலே வந்தேயாக வேண்டும். ஆகவே, வலையில் சிக்குண்டால் இரண்டுமே மூச்சுத்திணறி மடிகின்றன. ஆனால் அந்த இழப்பை ஈடுசெய்வதில் கடற்பசுவின் நிலை மிகவும் இக்கட்டானது. ஓராண்டுக்கு மேல் சுமந்து அது ஈனுவது ஒரேயொரு குட்டி. அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை செல்லும்.

பல தசாப்தகாலப் பாதுகாப்பின் பயனாக, உலகளவில் பேராமை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து 2025 ஒக்டோபரில் நீக்கப்பட்டது. கடற்பசுவுக்கு அந்நிலை இன்னும் வாய்க்கவில்லை. இவ்விரண்டையும் கொல்வதை இலங்கைச் சட்டம் தடைசெய்கிறது. எனினும், மேய்ச்சல் தரை அழிந்தபின் சட்டத்தால் மட்டும் உயிர்கள் பிழைத்துவிட முடியுமா?

கடலடியை வாரியெடுக்கும் இழுவைமடி, புல்லை வேரோடு பிடுங்குகிறது. இலங்கை 2017 இல் இம்முறையைத் தடைசெய்தது. தமிழக அரசு 2022 இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. ஆயினும் எல்லை தாண்டும் இழுவைப் படகுகளின் பிரச்சினை தீர்ந்தபாடில்லை.

மீனும் இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் அடைக்கலம் புகுவதும் இதே புல்லில்தான். எனவே, கடற்பசுவைக் காப்பது ஒரு விலங்கின் மீது காட்டும் இரக்கம் மட்டுமன்று. வடபுலத்துத் தமிழ், முஸ்லிம் மீனவர்களின் நாளைய உலையைக் காப்பதுமாகும். இதனை இரு கரைகளிலும் உள்ளோர் காலந்தாழ்த்தாது உணர வேண்டும்.