விளக்கில் விழாத விட்டில்

திருவண்ணாமலைப் பூக்கடைகளில் அரளி மாலைமாலையாகத் தொங்கும். அதன் இலையை யார் பார்க்கிறார்கள்? நுனி இலைகள் கடிபட்டு மொட்டையாக நிற்கும் அரளிச்செடி கண்ணில் பட்டால், கொஞ்சம் குனிந்து தேடுங்கள். விரல் நீளத்தில் ஒரு பச்சைப் புழு இருக்கலாம். தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு கண்கள், வால்பக்கம் ஒரு கொம்பு. அந்தக் கண்கள் பறவைகளை மிரட்டும் பொய்க்கண்கள். மாட்டின் இதயத்தையே நிறுத்திவிடும் அரளி நஞ்சு இதற்கு அன்றாடச் சாப்பாடு. நந்தியாவட்டை இலையும் தின்னும். இரண்டும் சிவனுக்குச் சாத்தும் பூச்செடிகள் என்பதால் இந்த ஊரில் புழுவுக்குச் சாப்பாட்டுப் பஞ்சமில்லை.

இதுதான் வளர்ந்து அரளி அந்துப்பூச்சி ஆகிறது. பச்சையும் இளஞ்சிவப்பும் குழைந்த சிறகுகளை விரித்தால் பத்து சென்டிமீட்டர் இருக்கும். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் வாழும் இந்த இனம், கோடையில் ஐரோப்பாவுக்கும் பறந்து போகிறது. அபூர்வமாகப் பிரிட்டனையும் எட்டுகிறது. அங்கே ஒன்று தென்பட்டாலும் குறித்துவைக்கிறார்கள்.

அப்படிக் குறித்துவைத்ததால்தான், 1968 முதல் 2017 வரை பிரிட்டனின் பெரிய அந்துப்பூச்சிகள் எண்ணிக்கையில் 33 சதவீதம் குறைந்தன என்று 2021-இல் அவர்களால் சொல்ல முடிந்தது. நமக்கும் தொடக்கம் நன்றாகவே இருந்தது. தேயிலை பயிரிட நீலகிரிக்கு வந்த ஜார்ஜ் ஹாம்ப்சன், இந்திய அந்துப்பூச்சிகளை 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளில் விவரித்தார். ஆனால் அது எத்தனை வகை என்ற கணக்கு. எத்தனை பூச்சி என்ற கணக்கு நம்மிடம் இல்லை. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களைக் குறிக்கும் பன்னாட்டுச் செம்பட்டியலிலும் பெரும்பாலான அந்துப்பூச்சிகள் இன்னும் மதிப்பிடப்படவே இல்லை. அழிகிறதா, பிழைக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத நிலை இது; எனக்கு இதுவே பெரிய ஆபத்தாகப் படுகிறது.

ஏனென்றால் இரவு மாறிவிட்டது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடிய விடிய விளக்கு. விட்டில் ஆசைப்பட்டு விளக்கில் விழுவதாகத்தான் காலங்காலமாக நம்பினோம். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு அதிவேகக் கேமராக்களில் படம்பிடித்து வேறொன்றைக் காட்டியது. பறக்கும் பூச்சி வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டும். இருட்டில் வானமே வெளிச்சமான பக்கம் என்பதால், மேலே எது என்று அதற்குப் புரிந்துவிடும். நடுவில் விளக்கு வந்தால் மேலும் கீழும் குழம்பி, அதையே சுற்றிச் சுற்றித் தவிக்கும்.

அந்தச் சோதனையில் குழம்பாமல் விளக்கைக் கடந்து பறந்த விதிவிலக்குகளில் ஒன்று, நம் அரளி அந்துப்பூச்சி! எப்படித் தப்பிக்கிறது என்பது ஆராய வேண்டிய கேள்வி. தப்பிக்கத் தெரியாத மற்றவற்றை முதலில் எண்ணியாக வேண்டும். பௌர்ணமிக்கு ஊரே மலையைச் சுற்றுகிறது. அமாவாசை இரவில் நாலு மாணவர்கள் மலையடிவாரத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, விளக்கேற்றி, வந்து உட்காரும் பூச்சிகளை ஒரு மணி நேரம் நோட்டில் எழுதட்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும்.