ஒரு பாட்டும் இரு குரலும்

சென்ற தவணையில் ஒருநாள், வகுப்பு முடிந்த பின்னர், மாணாக்கர் ஒருவர் தம் கைப்பேசியில் இரண்டு ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்து இயக்கி, "ஐயா, இவை இரண்டும் ஒருவரே பாடியவை என்றால் நம்புவீர்களா?" என வினவினார். முன்னையது, மெல்லிய கண்ணாடிக் கிண்ணத்தைத் தட்டினாற் போன்ற உச்சக் குரல். பின்னையது, கரகரத்துத் தாழ்ந்த முதிய குரல். பாட்டு ஒன்றே. நான் நம்பவில்லை. அன்று முதற் பலகாற் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். மேலைச் சங்கீதத்தில் முறையான பயிற்சி உடையேன் அல்லேன். வல்லார் பிழை காணின் பொறுப்பாராக.

பாடியவர் ஜோனி மிச்செல். 1943 இல் கனடாவின் அல்பேட்டா மாகாணத்திற் பிறந்து, சஸ்கற்றூன் நகரில் வளர்ந்தவர். நாட்டார் இசையும் றொக் இசையும் கலந்த நெறியிலே, தாமே பாட்டியற்றித் தாமே மெட்டமைத்துத் தாமே பாடுவோருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். ஒன்பதாம் அகவையில் இளம்பிள்ளைவாதம் அவரைப் பற்றியது. உயிர் தப்பினார், ஆயினும் அவரது இடக்கை வலுவிழந்தது.

கித்தாரின் தண்டிலே நரம்புகளை அழுத்திச் சுரம் பிடிப்பது இடக்கை. அக்கருவியின் ஆறு நரம்புகளும் வழமையாக ச–ம என்னும் இடைவெளியில், ஓரிடத்து மட்டும் ச–க என்னும் இடைவெளியில், அமைக்கப்பெறும். அவ்வமைப்பிற் சுரக்கூட்டுக்களைப் பிடிக்க விரல்கள் நன்கு விரிந்து வளைதல் வேண்டும். வலுக் குன்றிய கைக்கு அது அரிது. ஆகவே ஜோனி மிச்செல் கையை மாற்ற இயலாமையாற் கருவியை மாற்றினார். அழுத்தாது மீட்டினும் இனிய கூட்டொலி பிறக்குமாறு நரம்புகளைத் தளர்த்தியும் முறுக்கியும் வைத்துக்கொண்டார். இம்முறை அவர் கண்டுபிடித்ததன்று. அமெரிக்க நாட்டார் பாடகரிடையே முன்னரே வழங்கியதுதான். ஆனால் ஏனையோர் இரண்டு மூன்று அமைப்புக்களோடு அமைந்திருக்க, இவரோ ஐம்பதுக்கு மேற்பட்டவற்றைக் கையாண்டார். நம் பழைய யாழாசிரியர் எட்டு இசைக்கரணத்துள் முதலாவதாக வைத்த 'பண்ணல்' என்னுந் தொழிலை எனக்கு இது நினைவூட்டிற்று.

மேடையில் இது பெருந்தொல்லை. பாட்டுக்குப் பாட்டு நரம்பு திருத்தும்வரை அவையோர் காத்திருக்க வேண்டும். 1990களில், சுருதி மாற்றத்தை மின்னணு முறையிற் செய்யும் கருவியொன்று வந்த பின்னரே அவர்க்கு அச்சுமை குறைந்தது.

இனி, இவ்வமைப்புக்களால் விளைந்த ஒலியின் இயல்பு யாது? மேலைச் சங்கீதத்தின் அடிப்படைச் சுரக்கூட்டு ச, க, ப என்னும் மூன்றாலாயது. அந்தரகாந்தாரம் நிற்பின் அது மகிழ்வு போல ஒலிக்கும். சாதாரணகாந்தாரம் நிற்பின் துயர் போல ஒலிக்கும். இன்பமோ துன்பமோ என்று தீர்ப்புக் கூறுவது காந்தாரமே. ஜோனி மிச்செல் பலவிடத்தும் அக்காந்தாரத்தை விலக்கி, அதனிடத்தில் ரிஷபத்தையோ மத்திமத்தையோ நிறுத்துவார். தீர்ப்புக் கூறப்படுவதில்லை, ஒலி அந்தரத்திலே நிற்கின்றது. இவற்றை வினாவும் சுரக்கூட்டுக்கள் என்று அவரே பெயரிட்டழைத்தார். அப்பெயரினும் பொருத்தமான விளக்கத்தை நான் எவ்விடத்தும் கண்டிலேன்.

மாணாக்கர் இயக்கிய பாட்டு, 'போத் சைட்ஸ் நவ்' என்பது. 1967 இல், இருபத்துமூன்றாம் அகவையில் அதனை இயற்றினார். வானூர்தியிலிருந்து முகில்களைக் கீழ்நோக்கிக் கண்டமையே அதற்கு வித்து. முகில், காதல், வாழ்வு என மூன்று பொருள்கள். ஒவ்வொன்றும் முதலில் இனிதாகத் தோன்றிப் பின்னர் வேறாகத் தோன்றுகின்றது. ஈற்றில் எதனையும் அறிந்திலேன் என்னும் ஒப்புதல். 1969 இல் வெளிவந்த இசைத்தட்டில் கித்தார் ஒன்றே துணை. குரல் எளிதாக மேலேறுகின்றது. அழகிற்குக் குறைவில்லை. எனினும், வாழ்வின் இருபுறமுங் கண்டேன் என்று இளையவரொருவர் பாடும்போது, அஃது அறிவுடைய பிள்ளையின் பேச்சாகவே என் செவிக்குப் பட்டது.

2000 இல் அவர் அதனை மீண்டும் பாடினார். வின்ஸ் மென்டோசா அமைத்த பெரிய வாத்தியக் குழு; நடை தாழ்ந்தமையாற் பாட்டு முன்னையதிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நீள்கின்றது. குரல் பல படிகள் இறங்கிவிட்டது. நெடுநாளைய புகைப்பழக்கமே காரணம் என்பாருமுளர். முன்பு துள்ளி ஏறிய இடங்களை இப்போது பேசுவாரைப்போலக் கடக்கின்றார். தாளத்துக்குச் சற்றுப் பிந்தியே சொற்கள் விழுகின்றன, சொல்வதா விடுவதா என்று தயங்கினாற் போல. சொல் மாறவில்லை, மெட்டின் எலும்பும் மாறவில்லை. அறிந்திலேன் என்ற கூற்று மட்டும் முதன்முறையாக உண்மையாயிற்று. வாத்தியப் பெருக்கு ஓரோவிடத்து மிகையென்பது என் கருத்து. வெய்ன் ஷோட்டர் ஊதிய சாக்சபோன் வரும் பகுதியில் அக்குறையும் மறந்துபோகின்றது.

2015 இல் மூளைக் குருதிக்குழாய் வீக்கத்தால் வீழ்ந்தார். பேசவும் நடக்கவும் மீளக் கற்க வேண்டியிருந்தது. 2022 யூலையில், அமெரிக்காவின் நியூபோட் நாட்டாரிசை விழாவில், 1969 இற்குப் பின் முதன்முறையாக, முன்னறிவிப்பின்றித் தோன்றி இப்பாட்டைப் பாடினார். இளைய பாடகர் சூழ நின்றனர். வேறொரு பாட்டிற்கு மின்கித்தாரைத் தாமே மீட்டினார். விரல்களை எங்கு வைப்பதென்று தம் பழைய நிகழ்ச்சிகளின் காணொளிகளைப் பார்த்தே கற்றுக்கொண்டதாகப் பின்னர்க் கூறினார். அவ்விடக்கை இரண்டாம் முறையும் தன் வழியைத் தேடவேண்டியதாயிற்று. 2024 பெப்ரவரியில், எண்பதாம் அகவையில், கிறாமி விருது விழா மேடையில் முதன்முறையாகப் பாடியதும் இப்பாட்டையே.

அப்பதிவையும் பின்னர் அம்மாணாக்கரே தேடித் தந்தார். வரும் தவணையில் இசைக்கரணங்களைக் கற்பிக்கும் நாளில் மூன்றையும் வகுப்பில் இயக்க எண்ணியுள்ளேன். கைப்பேசியை இரவல் தர அவர் உடன்பட்டுள்ளார்.