முதல் ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? எக்செலைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிப் பல மாதங்கள் ஆகியும் எக்செல் பக்கமே போகாதவரா நீங்கள்? மளிகைக் கணக்கு அலுப்பாக இருந்தால் விளையாட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் பழகினேன், கொஞ்சம் அடிபட்டு!

சென்னையில் சாப்ட்வேர் எஞ்சினியராக இருக்கிறேன். எங்கள் புராஜெக்டின் அமெரிக்க நண்பர்கள் ஆண்டுதோறும் பேன்டசி புட்பால் ஆடுவார்கள். நம்ம ஊர் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. என்எப்எல் வீரர்களை 12 பேரும் முறை வைத்துப் பிரித்துக் கொள்வோம். நம் வீரர் நிஜ ஆட்டத்தில் கடக்கும் ஒவ்வொரு 10 கெஜத்துக்கும் 1 புள்ளி, டச்டவுனுக்கு 6, பாஸைப் பிடித்தால் 1. 1962ல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர் பில் விங்கன்பாக் தொடங்கிய விளையாட்டு இது. அப்போது எல்லாம் காகிதக் கணக்குதான்.

இதில் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்தான் சிக்கல். ஆளுக்கு இருவர் வேண்டும், நல்ல ஆட்களோ குறைவு. முறை பாம்பு போல் வளைந்து வருவதால், முதலில் எடுப்பவருக்கு அடுத்த வாய்ப்பு 24வதாகத்தான் வரும்.

2024 ஆகஸ்டில் அந்த முதல் வாய்ப்பு எனக்கு. எக்செலைத் திறந்தேன். நீங்களும் திறங்கள். ஏ பத்தியில் பெயர், பி-யில் மொத்தக் கெஜம், சி-யில் டச்டவுன், டி-யில் பிடித்த பாஸ். ஈ-யில் சமக் குறி போட்டு, பி-யை 10ஆல் வகுத்து, சி-யை 6ஆல் பெருக்கி, டி-யையும் கூட்டி என்டர் தட்டுங்கள். பிறகு அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுசால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வீரர்களுக்கும் விடை வந்து விடும்.

கிறிஸ்டியன் மெக்காப்ரி 2019ல் 2,392 கெஜம், 19 டச்டவுன், 116 பாஸ். விடை 469.2. டெரிக் ஹென்றி 2020ல் 2,141 கெஜம், 17 டச்டவுன், 19 பாஸ். விடை 335.1. ஓட்டத்தில் மட்டும் 2,000 கெஜத்தைத் தாண்டிய ஹென்றி இவ்வளவு பின்தங்கக் காரணம் அந்த டி பத்திதான்!

மெக்காப்ரியை எடுத்தேன். விடிகாலை 5 மணிக்கு என்ன பெருமை!

எப் பத்தி ஒன்று போட்டு, ஆடிய ஆட்டங்களை எழுதியிருக்க வேண்டும். மெக்காப்ரி 2020ல் ஆடியது 3 ஆட்டம். ஹென்றி 2021ல் 8. அடிபடும் வேலை இது.

செப்டம்பர் 10 காலை கண் விழித்தபோது, முதல் ஆட்டத்திலேயே மெக்காப்ரி களமிறங்கவில்லை. ஆட்டத்துக்குச் சற்று முன் அறிவித்தபோது நான் உறக்கத்தில். பதிலுக்கு ஆடிய ஜோர்டன் மேசன் 147 கெஜம் ஓடினார், அவரோ இன்னொருவர் கையில். அந்த ஆண்டு மெக்காப்ரி மொத்தம் 4 ஆட்டம்தான். நான் விட்டுவிட்ட சாக்வான் பார்க்லி 2,005 கெஜம் ஓடித் தள்ளினார்.

14 வாரம் முடிந்ததும் கடைசி இடம் எனக்கு. கடைசியில் வருபவருக்குக் கிறிஸ்துமஸ் வார சப்போர்ட் டியூட்டி என்று பந்தயம். அந்த வாரம் அப்பாவை மார்கழிக் கச்சேரிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். எதிர்வீட்டு மாமாவோடு போய் வந்தார்.

இப்போது என் ஷீட்டில் எப் இருக்கிறது. ஜி-யும் இருக்கிறது: அவருக்குப் பதில் ஆடப்போவது யார்?