சேலத்து வக்கீலும் வெள்ளை மாளிகையும்

சேலம் நகராட்சித் தலைவராக 1917இல் பொறுப்பேற்றவர், அங்கே பேர்போன வக்கீலாக இருந்த ராஜாஜி. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 83 வயதில், அவர் வழக்காடப் போன இடம் வெள்ளை மாளிகை. காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு 1962 செப்டம்பர் 28 அன்று அதிபர் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொன்னார். உள்நாட்டில் நேருவை எதிர்த்துச் சுதந்திராக் கட்சி நடத்தியவர்தான். இந்த ஒன்றில் இருவருக்கும் பேதமில்லை. சோதனைகளை நிறுத்தி வைக்கும்படி 1954 ஏப்ரலிலேயே நேரு கேட்டிருந்தார்.

சிக்கல் எங்கே இருந்தது? ரகசியமாகக் குண்டு வெடித்தால் கண்டுபிடிப்பது எப்படி என்பதில். நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றது அமெரிக்கா. அது உளவு வேலை என்றது சோவியத் யூனியன்.

ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் இந்தியா, ஸ்வீடன், பிரேசில், எகிப்து உள்ளிட்ட எட்டு நாடுகள் 1962 ஏப்ரல் 16 அன்று ஒரு நடுவழி சொன்னன: சந்தேகம் எழுந்தால் சர்வதேச விஞ்ஞானிகள் குழு ஆராயட்டும், அந்தந்த நாடே அவர்களை அழைக்கலாம். அழைத்தே ஆக வேண்டுமா என்பது தெளிவாக இல்லை. இரு தரப்பும் தமக்குத் தோதாகப் படித்துக்கொண்டன. கடைசியில் 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தகராறுக்குரிய நிலத்தடிச் சோதனையை விட்டுவிட்டு, வானிலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் மட்டும் தடை.

நடுவில் நின்று வழி தேடுவது பிறகும் தொடர்ந்தது. ஈரானின் அணுத்திட்டத் தகராறில், 2010 மே மாதம் துருக்கியும் பிரேசிலும் அந்த எட்டு நாடுகளின் யோசனையைவிடத் தெளிவான ஒப்புதலை ஈரானிடம் வாங்கின. 1,200 கிலோ யுரேனியத்தைத் துருக்கியில் வைக்க ஈரான் இசைந்தது. உலகறிய அறிவித்தும் பலனில்லை. ஜூன் 9 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை ஈரான்மீது புதிய தடைகளை விதித்தது. எதிர்த்து வாக்களித்தவை அந்த இரண்டு நாடுகள் மட்டுமே.

ஓமன் வேறு வழியில் போனது. அமெரிக்க, ஈரானிய அதிகாரிகளை மஸ்கட்டில் சத்தமில்லாமல் உட்கார வைத்தது. 2013 நவம்பரில் இடைக்கால உடன்பாடும், 2015 ஜூலையில் முழு ஒப்பந்தமும் பிறந்தன. 2018இல் அமெரிக்கா அதிலிருந்து விலகியது.

2025 ஏப்ரலில் இரு நாடுகளும் மறுபடி பேசத் தொடங்கியதும் மஸ்கட்டில்தான். ஜூன் 15 அன்று அங்கே நடக்கவிருந்த ஆறாம் சுற்று, 13ஆம் தேதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியதும் ரத்தானது.