ஒரு ஹரிக்கேனின் சிற்றுரு

1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 5ஆந் திகதி உயிர்த்த ஞாயிறு. அன்று காலை யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அவற்றை எதிர்த்து எழுந்தவற்றுட் பெரும்பாலானவை ஹரிக்கேன் என்னும் போர் விமானங்கள். நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டபோது சீனக்குடாவிலிருந்து எழுந்தவையும் அவையே. அவ்விமானத்தின் சிற்றுருவொன்றை ஆக்குவது எப்படி, ஆக்கியபின் வெயிலும் மழையும் புகையும் பட்ட தோற்றத்தை அதற்கு அளிப்பது எப்படி என்பன பற்றியே இன்று பேசப் போகின்றேன்.

சிற்றுரு செய்வோர் பெரிதும் கையாளும் அளவு எழுபத்திரண்டில் ஒன்று. இவ்வளவில் ஆறடி நீளம் ஓர் அங்குலமாகச் சுருங்கும். ஹரிக்கேனின் இறக்கைகள் நுனிக்கு நுனி 40 அடி. ஆகவே மேசைமேல் அது ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டுவது கடினமன்று. பசை பிளாஸ்டிக்கின் விளிம்பை இளகச் செய்து ஒன்றோடொன்று இணைக்கின்றது. பொருத்து வாயிற் காணும் இடைவெளியை மெழுகிட்டு அடைத்து, நீர் தோய்த்த உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் அவ்வேலை முடிந்தது. பொறுமையுள்ள சிறுவனும் இதனைச் செய்வான்.

வண்ணத்திலேதான் சங்கடம் தொடங்குகின்றது. பிரித்தானிய வான்படையின் வழக்கமான கோலம் மேலே கரும்பச்சையும் மண்ணிறமும் ஆகும். அவ்வண்ணங்களைப் புட்டியில் உள்ளவாறே பூசினால் சிற்றுரு கறுத்துப் போய்த் தோன்றும். ஓரடி தூரத்திலிருந்து இதனை நோக்குபவர் உண்மை விமானத்தை 72 அடி தூரத்தில் நின்று நோக்குபவருக்கு ஒப்பாவார். தொலைவு கூடக்கூட இடையிலுள்ள காற்று நிறத்தை வெளிறச் செய்யும். ஆதலாற் சிறிது வெண்மை கலத்தல் வேண்டும்.

இனி அழுக்குக்கு வருவோம். நான் முதலிற் செய்த ஹரிக்கேனில், நன்றாக அடிபட்ட விமானமாக அது தோன்றவேண்டுமென்ற ஆசையால், உடலெங்கும் வெள்ளி நிறப் புள்ளிகளை வாரி இறைத்திருந்தேன். அதைப் பார்த்த நண்பரொருவர், “வாலருகே வெள்ளி எங்கிருந்து வந்தது? அது துணியல்லவா?” என்றார். எனக்கு விடை தோன்றவில்லை.

அவர் சொன்னது உண்மை. சிட்னி காம் என்பார் அமைத்து, 1935ஆம் ஆண்டு நவம்பரில் முதன்முதற் பறந்த இவ்விமானத்தின் பின்னுடல் உலோகத் தகட்டால் ஆனதன்று. உருக்குக் குழாய்ச் சட்டத்தின்மேல் மரச்சலாகைகளை நிறுத்தி, அவற்றின்மேல் லினன் துணியை இழுத்துப் போர்த்தி வண்ணம் பூசினார்கள். எஞ்சின் மூடியும், பிற்காலத்து ஹரிக்கேன்களின் இறக்கைகளும் அலுமினியத் தகடு போர்த்தவை. ஆகவே வண்ணம் உரிந்து வெள்ளி மின்னுவது அவ்விடங்களில் மட்டுமே. துணி அவ்வாறு மின்னாது; அது வெளிறும், அழுக்கேறும்.

தகட்டிலும் எல்லா இடமும் ஒரே வகையாகத் தேய்வதில்லை. விமானி இடப்புறமிருந்தே ஏறுவான். ஆதலால் இடது இறக்கையின் அடிப்பகுதி காலணிபட்டுத் தேயும், வலப்புறம் அத்துணை தேயாது. தேய்வின் அளவையும் மறக்கலாகாது. தூரிகை நுனியால் நாம் இடும் ஒரு மில்லிமீற்றர் புள்ளி, உண்மை விமானத்தில் ஏறக்குறைய மூன்றங்குலக் காயம். அத்தகைய காயம் பத்து இருந்தால் எந்தப் பொறியியலாளன் அவ்விமானத்தைப் பறக்க விடுவான்?

தகட்டு விளிம்புகளை எடுத்துக் காட்டுவதற்கு, முதலிற் பளபளக்கும் வார்னிசு பூசி உலரவிட்டு, கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைத் தேப்பந்தைலத்தில் மிக நீர்க்கக் கரைத்துத் தடவுவார்கள். அது கோடுகளிற் சென்று தங்கும். மேலே எஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். பின்பு மங்கிய வார்னிசு பூசினால் மினுக்கம் அடங்கிவிடும். எஞ்சின் புகைபோக்கியிலிருந்து பின்னோக்கி ஓடும் கரிக்கறைக்கு, அரைத்த கரித்தூளை மெல்லிய தூரிகையால் இழுத்தாற் போதும்.

எவ்வளவு இழுப்பது? அதற்கு வரலாறே அளவுகோல். இரத்மலானையில் நின்ற 30ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன்கள் 1942 மார்ச்சு மாதத்திலேதான் ‘இன்டொமிற்றபிள்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்து இலங்கைக்கு வந்தன. தாக்குதல் நிகழ்ந்தபோது அவை இங்கு வந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. ஆண்டுக்கணக்காகப் பாலைவனத்திற் கிடந்த விமானம்போல் அவற்றை நைந்துபோகச் செய்வது பொய்யாகும். சக்கரங்களிற் சிறிது சேறு, வயிற்றில் எண்ணெய்க் கசிவு, மேலே சற்று வெளிறல்; நான் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன்.

இறுதியிற் பூசியவை இறக்கை முகப்பிலுள்ள பன்னிரண்டு துப்பாக்கி வாய்கள். அவற்றினுள் ஈரமும் தூசியும் புகாதவாறு சிவப்புத் துணித்துண்டு ஒட்டுவது வழக்கம். முதற் குண்டு அதனைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். அதன்பின்பே இறக்கையின் அடியிற் கரி படியும். உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் தலைக்குமேல் வந்த பின்னரே இரத்மலானை விமானிகள் ஓடிச்சென்று ஏறினார்கள். அவர்களிற் சிலர் திரும்பி வரவில்லை. என் மேசையிலுள்ள ஹரிக்கேன் இன்னும் தரையிலேயே நிற்கின்றது. அதன் பன்னிரண்டு சிவப்புத் துண்டுகளும் கிழியவில்லை, இறக்கையடியிற் கரியும் இல்லை.